‘கொ’ உடைஞ்சு வருதா? இன்டிசைன்ல தமிழ் எழுத்தை சரி பண்றது எப்படி

ஆவணி முகூர்த்தம் நெருங்குனா போதும், சென்னை ஆண்டர்சன் ஸ்ட்ரீட் பக்கம் கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்றவங்ககிட்ட ஒரே புலம்பல்தான், ‘கொ’ உடையுது, ‘ஸ்ரீ’ பிரியுது, நேத்துதான் சரி பண்ணேன் இன்னைக்கு திரும்ப வந்துருச்சுன்னு. கோவம் நியாயம்தான். ஆனா முக்கால்வாசி நேரம் இது இன்டிசைன்ங்கற அடோபியோட டிசைன் சாஃப்ட்வேர்ல இருக்கற செட்டிங் விஷயம்.

1. மேட்டரை அப்படியே காப்பி பண்ணி நோட்பேட்ல போடுங்க. அங்க ஒழுங்கா தெரிஞ்சா டெக்ஸ்ட் நல்லாத்தான் இருக்கு, தப்பு டிசைன் ஃபைல்ல. அங்க இங்கிலீஷ் எழுத்தா குப்பையா வந்தா அது பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சது, யூனிகோடுக்கு (எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை) கன்வெர்ட் பண்ணாம என்ன செஞ்சாலும் தலைவலிக்கு கால்ல தைலம் தடவுற கதைதான்.

2. பாராகிராஃப் பேனல் மெனுவைத் திறந்து ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ எடுங்க. கம்போசர்னா எழுத்தை வரியில அடுக்கி வைக்கிற பகுதி. ஏன்னா யூனிகோட்ல ‘கெ’ன்னா முதல்ல க, அப்புறம்தான் கொம்பு, ஸ்க்ரீன்ல கொம்பை முன்னாடி தூக்கி வைக்கிறது கம்போசரோட வேலை, சாதா கம்போசருக்கு அது தெரியாது. பாமினில கொம்பை முதல்லயே அடிச்சுடுவோம், அதான் அதுல இந்தப் பிரச்சனையே இல்ல, பழைய பிரஸ்காரங்க அதை விடாம பிடிச்சிருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம். (அடோபியோட இன்னொரு சாஃப்ட்வேரான இல்லஸ்ட்ரேட்டர்னா ப்ரிஃபரன்சஸ், டைப்ல ‘ஷோ இன்டிக் ஆப்ஷன்ஸ்’ டிக் பண்ணிட்டு, மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் கம்போசர்.)

3. இப்ப திரும்பத் திரும்ப வர்ற கதைக்கு வருவோம். பேனல்ல மாத்துனது அந்த பாராவுக்கு மட்டும்தான். பாராகிராஃப் ஸ்டைல் (பாராவுக்குன்னு சேர்த்து வச்ச செட்டிங்) ஒவ்வொண்ணும் தனியா ஒரு கம்போசரை வச்சிருக்கும், பழைய டெம்ப்ளேட்டைத் திறந்து ஸ்டைலை க்ளிக் பண்ணா பழையபடி உடையும். அதனால ஸ்டைல் ஆப்ஷன்ஸ், ஜஸ்டிஃபிகேஷன்ல போய் ஸ்டைல்லயே மாத்தி டெம்ப்ளேட்டை சேவ் பண்ணுங்க. யாரோ குடுத்த டெம்ப்ளேட்டுன்னா இதைப் பார்க்காம வேலையை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க.

4. எந்த ஃபைலும் திறக்காம இருக்கும்போது அதே கம்போசரை ஒரு தடவை எடுத்து வச்சிடுங்க. அடுத்து திறக்குற புது ஃபைல் எல்லாத்துக்கும் அதுதான் டீஃபால்ட்.

5. சாஃப்ட்வேரே தொங்குது, மூடிக்குதுன்னா விண்டோஸ்ல அதைத் திறக்க க்ளிக் பண்ண உடனே கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூணையும் அமுக்கிப் பிடிங்க, ப்ரிஃபரன்சை அழிக்கவான்னு கேக்கும், சரி சொல்லுங்க. ஆனா நாலாவது ஸ்டெப்ல வச்ச டீஃபால்ட்டும் சேர்ந்து போயிடும், திரும்ப வைக்கணும். வேற கம்ப்யூட்டர்ல உக்காந்தாலும், புது வெர்ஷன் போட்டாலும் இதை ஒரு கண்ணு பாருங்க.

6. ஒரே ஒரு ஃபைல் மட்டும் அடம் பிடிச்சா சேவ் ஆஸ்ல ஐடிஎம்எல்னு (இன்டிசைனோட இன்னொரு ஃபைல் வகை) போட்டு, அதைத் திறந்து திரும்ப சேவ் பண்ணுங்க. உள்ள சேர்ந்த குப்பை பெரும்பாலும் போயிடும்.

7. பிரஸ்ஸுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி கொக்கு, கோழி, கௌதாரி, ஸ்ரீ, பக்ஷம்னு ஒரு வரி அடிச்சு பிடிஎஃப் எடுத்து பாருங்க, சரியா வந்தா அந்த வரியை தூக்கிட்டு ஃபைனல் பிடிஎஃப் எடுங்க. பிரஸ்ல அவுட்லைன் (எழுத்தை வெறும் படமா மாத்துறது) கேட்டா காப்பி ஒண்ணு எடுத்து அதுல மட்டும் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஓ போடுங்க, ஏன்னா மாப்பிள்ளையோட இனிஷியலை மாத்தச் சொல்லி போன் கண்டிப்பா வரும், அவுட்லைன் பண்ணதுல எழுத்தை மாத்த முடியாது.