பட்டாளத்து அதிகாரி, பந்தாட்டக்காரர்: 1873-ன் ஒரு வாழ்க்கையைத் தமிழில் எழுதும் வழி

1873 மார்ச் 8, சனிக்கிழமை, லண்டன் ஓவல் மைதானம். இங்கிலாந்து 4, ஸ்காட்லாந்து 2. அன்றைய முதல் கோலைப் போட்டவர் வில்லியம் கென்யன்-ஸ்லேனி. பிறந்தது குஜராத்தின் ராஜ்கோட்டில். ஸ்காட்லாந்துக்காகக் கோல் போட்ட இருவரில் ஒருவர் ஹென்றி ரென்னி-டெய்ல்யூர். அவர் பிறந்தது முசூரியில். இருவருமே பிரிட்டிஷ் பட்டாளத்து அதிகாரிகள். அதற்கு முந்தைய ஒரே அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டம் 1872 நவம்பர் 30-ல் கிளாஸ்கோ அருகே நடந்தது. அதில் கோலே விழவில்லை. அதனால் அதிகாரபூர்வ சர்வதேசக் கால்பந்தின் முதல் கோல் கென்யன்-ஸ்லேனியின் பேரில் நிற்கிறது.

பாளையங்கோட்டைப் பள்ளிகளின் ஆண்டு மலருக்கோ, கால்பந்துக் கழக விழா மலருக்கோ இப்படி ஒருவரைப் பற்றி நாலு பக்கம் எழுத நினைப்பவர்களுக்கான வழிமுறை இது. எடுத்துக்காட்டு முழுக்க கென்யன்-ஸ்லேனிதான். வேறு ஆளை எடுத்தாலும் வேலை இதேதான்.

முதலில் ஒரு குயர் நோட்டு

ஒரு குயர் நோட்டில் மூன்று பத்தி கோடு போடுங்கள்: தேதி, அன்றைய வயது, எங்கிருந்து எடுத்தோம். வயதுப் பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள்; பெரும்பாலான தவறு அங்கேதான் மாட்டும்.

1847 ஆகஸ்ட் 24, பிறப்பு. 1867, கிரெனடியர் கார்ட்ஸ் படையில் சேர்க்கை, வயது 20. 1873 மார்ச் 8, ஓவல், வயது 25. அதே மாதம் 29-ம் தேதி வாண்டரர்ஸ் அணியோடு எஃப்.ஏ. கோப்பை. 1882, எகிப்துப் போர், தெல்-எல்-கெபிர் சண்டை. 1886 முதல் நாடாளுமன்ற உறுப்பினர். 1887-ல் கர்னல், 1892-ல் பட்டாளத்திலிருந்து ஓய்வு. 1908 ஏப்ரல் 24, இறப்பு, வயது 60.

இப்படி வரிசையாக வைத்துப் பார்த்தால், 'ஓய்வு பெற்ற பின் அரசியலுக்கு வந்தார்' என்று கை தானாக எழுதப்போவது தடுக்கப்படும். உறுப்பினரானது 1886, ஓய்வு 1892. ஆறு வருஷம் இரண்டும் சேர்ந்தே ஓடியிருக்கின்றன. வயதிலும் கவனம் வேண்டும். 1847-ஐ 1908-லிருந்து கழித்தால் 61 வரும், ஆனால் பிறந்த நாள் ஆகஸ்டில், இறந்தது ஏப்ரலில். 60 முடிந்து 61 நடப்பு. பழைய ஆங்கிலக் கல்வெட்டுகளில் 'தன் 25-வது வருடத்தில்' என்று இருந்தாலும் இதே கணக்குதான்: 24 முடிந்திருக்கிறது.

பெயர் மாறிய ஆளைத் தேடுவது

கென்யன்-ஸ்லேனி என்று 1847-ன் பதிவுகளில் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். பிறக்கும்போது குடும்பப் பெயர் வெறும் கென்யன். தாய்வழித் தாத்தா ஸ்லேனி 1862-ல் இறந்து, ஷ்ராப்ஷயரில் இருந்த ஹாட்டன் கிரேஞ்ச் சொத்து இவர்கள் குடும்பத்துக்கு வந்தபோது ஸ்லேனி என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். அன்றைய இங்கிலாந்தில் சொத்தோடு பெயரும் கைமாறுவது வழக்கம். ஆகவே 1862-க்கு முன் கென்யன்; பின் கென்யன்-ஸ்லேனி. அட்டவணைகளில் கே எழுத்திலும் எஸ் எழுத்திலும் இரண்டு தடவை பாருங்கள். இணையத்தில் தேடும்போது இடைக்கோட்டை எடுத்துவிட்டும் ஒரு தடவை தேட வேண்டும். வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்களில் கணினி அந்தக் கோட்டைப் பல இடத்தில் விழுங்கியிருக்கும்.

தமிழில் பெயரை எப்படி எழுதுவது என்பதை முதல் நாளே முடிவுசெய்து நோட்டின் அட்டையில் எழுதிவிடுங்கள். இரண்டாம் பக்கத்தில் ஸ்லேனி, நாலாம் பக்கத்தில் ஸ்லானே என்று போனால் வாசகர் இரண்டு ஆள் என்றே நினைப்பார்.

இந்தியாவில் பிறந்த ஆங்கிலேயருக்கு ஞானஸ்நானப் பதிவேடுதான் ஆதாரம். அதன் நகல்கள் லண்டனுக்குப் போய், இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலகப் பதிவுகளில் இருக்கின்றன. மாகாணவாரியாகத் தொடர் எண் உண்டு: என்-1 வங்காளம், என்-2 மதராஸ், என்-3 பம்பாய். ராஜ்கோட் பம்பாயோடு சேர்ந்தது, ஆகவே என்-3. முசூரிக்கு என்-1. நம் ஜில்லாக்காரரைத் தேடினால் என்-2. அதிலும் திருநெல்வேலி என்று இராது, டின்னவேலி, பாளம்கோட்டா என்ற பழைய எழுத்துக்கூட்டல்தான் இருக்கும். அட்டவணையில் இருப்பது ஞானஸ்நானத் தேதி. பிறப்பு அதற்குச் சில மாதம் முன்பாக இருக்கும், சில சமயம் முந்தைய வருடமாகவே இருக்கும்.

பதவியைப் படிப்பது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அதிகாரி நியமனம் ஒவ்வொன்றும் லண்டன் கெஜட்டில் வெளியாகும். அது இணையத்தில் இலவசம். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பழைய பட்டாளப் பட்டியல்களை வருடவாரியாக வருடிப் போட்டிருக்கிறது, அதுவும் இலவசம். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

கெஜட் வரி ஏறக்குறைய இப்படி வரும்: 'கிரெனடியர் கார்ட்ஸ்: இன்னார், ஜென்டில்மன், டு பி என்சைன் அண்ட் லெப்டினன்ட், பை பர்ச்சேஸ், வைஸ் இன்னார்.' இதில் மூன்று இடத்தில் கால் இடறும்.

'வைஸ்' என்பதைத் துணை என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். வைஸ் பிரின்ஸிபால் பழக்கத்தில் கை அப்படித்தான் போகும். இங்கே அது லத்தீன் சொல். 'அவருடைய இடத்தில்' என்று பொருள். இரண்டாவது பெயருக்கு உரியவர் காலி செய்த இடத்துக்கு முதல் பெயருக்கு உரியவர் வருகிறார்.

'பை பர்ச்சேஸ்' என்றால் பணம் கட்டி வாங்கிய பதவி. லஞ்சம் என்று எழுதக் கூடாது. அன்று சட்டப்படியே விலை இருந்தது. 1871 நவம்பர் 1-ல் அந்த முறை ஒழிந்தது. ரென்னி-டெய்ல்யூர் இருந்த ராயல் இன்ஜினியர்ஸில் இந்த விற்பனையே கிடையாது. அங்கே படித்துத் தேறித்தான் வர வேண்டும்.

மூன்றாவது, 'என்சைன் அண்ட் லெப்டினன்ட்' என்ற இரட்டைப் பதவி. அரச காவல் படைகளான கார்ட்ஸுக்கு மட்டும் இருந்த சலுகை இது. என்சைன் என்பது அதிகாரிகளில் கடைசிப் படி, லெப்டினன்ட் அதற்கு மேல். தன் படைக்குள் என்சைன், மொத்தப் பட்டாளத்தில் லெப்டினன்ட். அடுத்த படி 'லெப்டினன்ட் அண்ட் கேப்டன்'. 25 வயதுக்காரர் ஆட்டப் பட்டியலில் கேப்டன் என்று வருவதற்கு இதுதான் காரணம். அந்தக் 'கேப்டனை' அணித்தலைவர் என்று எழுதிவிட்டால் கட்டுரை அங்கேயே கெட்டது. அன்று இங்கிலாந்து அணியின் தலைவர் கோல்கீப்பர் அலெக்சாண்டர் மார்ட்டன்.

ஆட்டத்தை எழுதும்போது

இன்றைய வர்ணனைச் சொற்களை ஒதுக்கிவைத்துவிட்டு உட்காருங்கள். 'வலையைக் கிழித்த பந்து' என்று எழுத முடியாது. 1873-ல் வலை கிடையாது. குறுக்குக் கம்பம் கிடையாது. 8 அடி உயரத்தில் ஒரு நாடா கட்டியிருப்பார்கள். இரண்டு கம்பத்துக்கும் இடைவெளி மட்டும் இன்றைக்குள்ள அதே 24 அடி. பெனால்ட்டி 1891-ல்தான் வந்தது. கோல் விழுந்ததும் இரு அணியும் பக்கம் மாறிக்கொள்ளும். அதனால் பழைய செய்தியில் 'பெவிலியன் பக்கக் கோல்' என்று இருந்தால், அது எந்த அணி காத்த கோல் என்பதை அதுவரை விழுந்த கோல்களை எண்ணித்தான் சொல்ல முடியும்.

அன்றைய ஆட்டம் பெரும்பாலும் பாஸ் ஆட்டம் அல்ல. ஒருவர் பந்தைக் காலோடு ஒட்டி எடுத்துக்கொண்டு ஓடுவார், கூட்டாளிகள் பின்னாலேயே திரண்டு ஓடுவார்கள். இந்தக் காட்சியை இரண்டு வரியில் சொல்லிவிட்டு அப்புறம் கோலுக்குப் போங்கள், வ.உ.சி. மைதானத்தில் ஆடுகிற பையன் சட்டென்று பிடித்துக்கொள்வான்.

சனிக்கிழமை ஆட்டத்தின் செய்தி நாளேட்டில் திங்கட்கிழமைதான் வரும். மார்ச் 10 இதழைத் தேடுங்கள். இரண்டு இதழாவது பார்க்க வேண்டும். கூட்டமாகத் தள்ளிக்கொண்டு போய் விழுந்த கோலுக்கு ஓர் இதழ் ஒரு பெயரையும் மற்றது வேறு பெயரையும் தரும். 1870 முதல் 1872 வரை ஓவலில் நடந்த ஐந்து இங்கிலாந்து-ஸ்காட்லாந்து ஆட்டங்களை அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டங்களாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே 'முதல் சர்வதேச கோல்' என்று எழுதும் இடத்தில் 'அதிகாரபூர்வ' என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும்.

மார்ச் 29-ன் கோப்பை இறுதியாட்டத்துக்கு ஒரு வரி போதும்: வாண்டரர்ஸ் 2, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 0; அன்றைக்கே இருந்த ஆக்ஸ்போர்டு-கேம்பிரிட்ஜ் படகுப் போட்டியையும் ஜனங்கள் பார்க்க வேண்டுமென்று காலையிலேயே ஆட்டத்தைத் தொடங்கினார்கள்.

நம் ஊர்க் கல்லறைகளில் பழகுவது

கென்யன்-ஸ்லேனியின் கல்லறை ஷ்ராப்ஷயரில் இருக்கிறது. ஆனால் பட்டாளக் கல்வெட்டைப் படிக்கும் பழக்கம் இங்கேயே வரும். பாளையங்கோட்டையின் பழைய கல்லறைத் தோட்டங்களுக்குச் சேகர குருவானவரிடம் முன்கூட்டி அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். காலை 7-லிருந்து 8:30 வரை, வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். உச்சி வெயிலில் கல் வெறும் வெள்ளையாகத் தெரியும். நிழலில் இருக்கும் கல்லுக்கு ஓர் அடிக் கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பிவிடலாம். தூசி தட்ட 2 இன்ச் பெயின்ட் பிரஷ் போதும். கம்பி பிரஷ், சாக்பீஸ், எலுமிச்சை, ஆசிட் எதுவும் ஆகாது. புளிப்பு பட்டால் பளிங்கும் சுண்ணாம்பும் கரையும், போன எழுத்து போனதுதான். தேய்ந்த கல்லில் 3-ம் 8-ம், 1-ம் 7-ம் ஒன்றுபோலத் தெரியும். சந்தேகமான எண்ணைக் கட்டத்துக்குள் எழுதிக்கொண்டு அடக்கப் பதிவேட்டில் சரிபாருங்கள். எம்.என்.ஐ. என்றால் மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி. எச்.ஈ.ஐ.சி. என்றால் கிழக்கிந்தியக் கம்பெனி. அந்தக் கல் பெரும்பாலும் 1858-க்கு முந்தியது.

பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் இருக்கும் ஆங்கிலேயர் கல்லறைகள் பாளையக்காரர் போர்க் காலத்தவை. கென்யன்-ஸ்லேனி காலத்து ராணி விக்டோரியா பட்டத்துக்கு வந்ததே அதற்கு வெகு பின்னால், 1837-ல். இரண்டு காலத்தையும் ஒரே பத்தியில் கலக்கக் கூடாது. கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மண்ணில் வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரியைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள், கேட்பது நியாயம். அதற்காக ஆளை உயர்த்தவும் வேண்டாம், தாழ்த்தவும் வேண்டாம். 1882-ல் எகிப்தில் என்ன நடந்தது, எந்தப் பேரரசுக்காக அவர் போரிட்டார் என்பதைக் கோல் போட்டதைச் சொன்ன அதே நேர்மையோடு ஒரு பத்தியில் சொல்லிவிடுங்கள்.

'நம் இந்தியாவில் பிறந்தவர்' என்ற சொந்தம் கொண்டாடலும் வேண்டாம். அப்பா பம்பாய்ப் படையின் குதிரைப்பட்டாளத்தில் இருந்ததால் ராஜ்கோட்டில் பிறந்தார். படிப்பு ஈட்டனிலும் ஆக்ஸ்போர்டிலும். திருநெல்வேலிக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இல்லாததை இழுத்து ஒட்டினால் மற்ற வரிகளின் மேலும் சந்தேகம் விழும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் எண்களை மட்டும் தனித்தாளில் எழுதி, கட்டுரையே படிக்காத ஒருவர் கையில் நோட்டோடு கொடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்கு 1873 எப்போதும் 1873 ஆகத்தான் தெரியும். தட்டச்சில் 1837 என்று விழுந்திருப்பதை அடுத்தவர் கண்தான் பிடிக்கும்.