உங்கள் கதிர்வீச்சுக் கணக்கை நீங்களே எழுதலாம்: ஒரு நோட்டு, ஒரு பேனா போதும்

பால் கணக்கு எழுதுவது போலத்தான் இதுவும். ஒரு வருடத்தில் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு படுகிறது என்று எழுதிப் பார்த்தால், எதற்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தெரிந்துவிடும். உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு மில்லிசீவெர்ட்; கீழே வரும் எண்களெல்லாம் அதில்தான்.

படி 1: முதல் வரியில் 2.4 என்று எழுதுங்கள். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் வருடத்துக்குச் சேரும் உலகச் சராசரி இது. மண், பாறை, விண்வெளி, சாப்பாடு எல்லாவற்றிலிருந்தும் வருகிறது. இதில் ஏறக்குறைய பாதி, தரையிலிருந்து கசியும் ரேடான் வாயு. அதற்கு ஜன்னலைத் திறந்து வைத்தாலே நல்லது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை மணலில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருப்பதால் அங்கே அளவு கூடும்.

படி 2: விமானத்தில் போயிருந்தால் சேருங்கள். மணிக்கு 0.005 என்று வைத்துக்கொண்டால் சென்னை–லண்டன் பயணத்துக்கு 0.05 வரும். சில்லறைதான்.

படி 3: செல்போன், வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றை எழுத வேண்டாம். நாம் கணக்கெழுதுவது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் கதிர்வீச்சை மட்டும்தான்; இவற்றின் அலைகளுக்கு அந்தச் சக்தி கிடையாது. போனின் முதுகில் ஒட்டும் ‘கதிர்வீச்சுத் தடுப்பு’ ஸ்டிக்கருக்குக் காசு கொடுத்திருந்தால், அதை வீட்டுச் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்!

படி 4: இதுதான் முக்கியம். எடுத்த ஸ்கேன்களைத் தேதியோடு எழுதுங்கள். மார்பு எக்ஸ்ரே என்றால் 0.1. தலை சிடி ஸ்கேன் என்றால் 2. வயிற்று சிடி என்றால் 8 முதல் 10 வரை. அதாவது ஏறக்குறைய நூறு மார்பு எக்ஸ்ரே. எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்ட் இரண்டுக்கும் சுழியம் போடுங்கள், அவற்றில் இந்த வகைக் கதிர்வீச்சே இல்லை. இயந்திரத்துக்கு இயந்திரம் அளவு மாறும், அதனால் இவை தோராயம்தான்.

10 மில்லிசீவெர்ட் பட்டால், உயிரைப் பறிக்கும் புற்றுநோய் வாழ்நாளில் வருவதற்கான வாய்ப்பு 2000-ல் 1 கூடலாம் என்பது மதிப்பீடு. தலையில் அடிபட்டவருக்கு மருத்துவர் சிடி கேட்டால் இதை நினைத்து மறுப்பது அசட்டுத்தனம். ஆனால் தேவையில்லாமல் இரண்டாம் தடவை எடுப்பது வேறு விஷயம். என் அப்பாவுக்கு அப்படித்தான் ஆனது: சிடி ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தட்டு கட்டிலடியில் கிடக்க, வேறொரு மருத்துவமனையில் ஒரே மாதத்தில் மறுபடியும் எடுத்தோம். தப்பு எங்களுடையதுதான்.

படி 5: அடுத்த முறை மருத்துவர் ஸ்கேன் எழுதித் தரும்போது கேளுங்கள்: “டாக்டர், போன மாதம் எடுத்தது போதாதா? அல்ட்ராசவுண்டில் தெரியாதா?” கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழந்தைக்கு எடுப்பதென்றால், அதன் உடம்புக்கு ஏற்ப அளவைக் குறைத்து வைக்கிறார்களா என்று கேட்பதில் தப்பே இல்லை. பாதிப்பு குழந்தைகளுக்குத்தான் அதிகம். துணைக்குப் போகிறவர், பிடித்துக்கொள்ளச் சொன்னாலொழிய அறைக்கு வெளியே நிற்கட்டும்.

அப்புறம், அந்த நோட்டைப் பழைய பிலிம், ரிப்போர்ட், குறுந்தட்டு எல்லாம் இருக்கும் பையிலேயே போட்டுவையுங்கள். பை எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள்.