ஒட்டுக்கத்தி தீட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சந்தூர்ப் பக்கத்து மா நாற்றங்கால்களில் இளந்தண்டு ஒட்டுக் கட்டும் வேலை தொடங்கிவிட்டது. எங்கள் நாற்றங்காலில் புதிதாகச் சேர்ந்த நான்கு பிள்ளைகள் கத்தி தீட்டுவதைப் பத்து நாட்களாகப் பார்த்து வருகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்கிறார்கள். கல்லை நனைப்பது, விரலைக் காத்துக்கொள்வது போன்றவை இரண்டே நாளில் தாமாகப் பிடிபட்டுவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

தட்டைப் பக்கத்தையும் சாய்த்துத் தீட்டுவது

அடுப்படிக் கத்தியின் வாய் இரு பக்கமும் சரிந்திருக்கும். ஒட்டுக்கத்திக்கு ஒரு பக்கம் மட்டுமே சரிவு. மறுபக்கம் முழுத் தட்டை. வீட்டுக் கத்தி தீட்டிய பழக்கத்தில் பிள்ளைகள் இதையும் இரு பக்கமும் சாய்த்துத் தீட்டிவிடுகிறார்கள். அப்படித் தீட்டிய கத்தி கை முடியை மழிக்கும், காகிதத்தையும் சுத்தமாக அறுக்கும் என்பதால் பிழை நடந்ததே தெரியாது.

ஒட்டுக்குச்சியின், அதாவது ஒட்டுவதற்காகத் தாய்மரத்திலிருந்து வெட்டிய குச்சியின், அடியை ஆப்பு வடிவில் சீவும்போது, தட்டைப் பக்கம்தான் மரத்தின்மேல் படிந்து வெட்டை நேராகக் கொண்டுபோகிறது. அந்தப் பக்கத்தில் சிறு சரிவு விழுந்தாலும் கத்தி படிய இடமின்றி மேலேறும், கை அதை அழுத்தும், வெட்டுமுகம் அலையலையாகிவிடும். அந்தக் குச்சியை, அதைத் தாங்கும் நாற்றான வேர்ச்செடியின் பிளவில் செருகினால் நடுவே மயிரிழை அளவு இடைவெளி நிற்கும். குச்சியிலும் வேர்ச்செடியிலும் பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள வளர்திசு ஒன்றையொன்று தொட்டால்தான் ஒட்டுப் பிடிக்கும். ஆனால் பாலித்தீன் நாடாவைச் சுற்றி இறுக்கிய பிறகு எந்த இடைவெளியும் கண்ணில் படாது.

என் இரண்டாம் ஆண்டில் நானூறு பெங்களூரா ரக மா ஒட்டுக் கட்டினேன். எழுபதுகூடத் தேறவில்லை, மற்றவை துளிர்க்காமல் கருத்து நின்றன. குச்சி முற்றல் என்றும், மழை போதவில்லை என்றும் இரண்டு மாதம் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பாத்தியில் ஒட்டுக் கட்டிய பெரியவர் ஒருவர் என் கத்தியை வாங்கி, தட்டைப் பக்கத்தின்மேல் இரும்பு அளவுகோலை நிறுத்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். வாய் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தது. "இந்தக் கத்தியில வெட்டுனா எந்தக் குச்சியும் பிடிக்காது தம்பி" என்றார்.

இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் தீட்டச் சொல்வது அடுப்படிக் கத்திக்கு உரிய அறிவுரை. அதை ஒட்டுக்கத்திக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஏனெனில் நட்டம் அவர்களுக்கு இல்லை, மாதக்கணக்கில் வேர்ச்செடிக்குத் தண்ணீர் ஊற்றியவருக்கே.

கெடுத்த கத்தியைத் திருத்த, தட்டைப் பக்கம் முழுவதையும் சரிவு மறையும்வரை தேய்த்திறக்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் பட்டறைகளுக்குக் குறைவில்லை. மெருகேற்றிய துண்டுப் பலகை ஒன்றை வாங்கி, அதன்மேல் 400, பிறகு 800, பிறகு 1000 எண் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டி, கத்தியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நேராகும். எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் பிடித்தன.

மின் சாணையில் கொடுப்பது

மெல்லிய வாய் உலர்ந்த சக்கரத்தில் சில நொடிகளிலேயே சூடேறிவிடும். கார்பன் எஃகு ஏறத்தாழ 230 பாகை செல்சியஸில் வைக்கோல் நிறமும், 300 பாகையை ஒட்டி நீல நிறமும் காட்டும். நீலம் தெரிந்துவிட்டால் அங்கே பதம் இறங்கிவிட்டது. பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. அந்தப் பகுதியைத் தேய்த்தே நீக்க வேண்டும், இல்லையேல் உலையில் வைத்து மறுபடி பதம் ஏற்ற வேண்டும். கைக்கல்லே போதும்: வாய் உடைந்திருந்தால் 400 எண், வழக்கமான வேலைக்கு 1000, மெருகுக்கு 3000 அல்லது அதற்கு மேல்.

எல்லாவற்றுக்கும் ஒரே கோணம்

காய்கறிக் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை போதும். கிளை வெட்டும் அரிவாளுக்கு 25 முதல் 30 வரை வேண்டும். அதைவிட மெலிந்தால் கணுவில் பட்டு வாய் மடங்கும். 20 மில்லிமீட்டர் அகலக் கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து 5 மில்லிமீட்டர் உயர்த்தினால் ஏறத்தாழ 15 பாகை, 7 மில்லிமீட்டர் உயர்த்தினால் 20 பாகை. ஒட்டுக்கத்தியில் இருக்கும் சரிவையே பின்பற்றுங்கள். சரிவின்மேல் மார்க்கர் மை பூசி இரண்டு இழுப்பு இழுத்தால், மை அழிந்த இடமே கல் தொட்ட இடம். வாய் ஓரத்தில் மை மிஞ்சினால் முதுகைச் சற்று உயர்த்த வேண்டும், மேல்பகுதியில் மிஞ்சினால் தாழ்த்த வேண்டும்.

பள்ளம் விழுந்த கல்

முதலில் கல்லைச் சமன் செய்யுங்கள்.

பிசிறை விட்டுவிடுவது

சரிவுப் பக்கத்தைத் தீட்டும்போது மறுபக்க ஓரத்தில் மெல்லிய பிசிறு எழும். விரல் நுனிக்கு அது தட்டுப்படும்வரை தீட்டுவது முடியவில்லை. தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுதாகப் படுக்கவைத்து, அழுத்தாமல் நான்கைந்து இழுப்பில் அதை நீக்கி, தோல் வாரில் பின்னோக்கி இழுக்க வேண்டும். நீக்காமல் விட்டால் முதல் பத்துக் குச்சிவரை நன்றாக வெட்டும், பிறகு பிசிறு மடங்கிப் பட்டையைக் கிழிக்கும்.

மாம்பால்

உலரும் முன்னே துடைத்துவிடுங்கள். காய்ந்தால் வாயில் கரும்புள்ளி விழுந்து அங்கிருந்தே துரு ஏறும்.