க்னூகேஷ் இருப்பு பாஸ்புக்கோடு ஒத்துவராதபோது

பழைய மென்பொருளிலிருந்து வீட்டுக் கணக்கை க்னூகேஷ் என்ற கணக்கு மென்பொருளுக்கு மாற்றியதும், வங்கி இருப்பு பாஸ்புக்கோடு ஒத்துவரவில்லை.

முதலில் கோப்பை நகலெடுத்து வேறு ஃபோல்டரில் வைத்தேன். இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. அப்புறம் கணக்குப் பட்டியலைத் திறந்து, ஆக்‌ஷன்ஸ் மெனுவில் ‘செக் அண்ட் ரிப்பேர்’ போய் எல்லாக் கணக்குகளையும் சோதிக்கவிட்டேன்.

பெயரைப் பார்த்து, எல்லாவற்றையும் அதுவே சரிசெய்துவிடும் என்று நம்ப வேண்டாம். ஒரு பதிவில் பற்றும் வரவும் சமமாக இல்லாவிட்டால், வித்தியாசத்தை ‘இம்பேலன்ஸ்-ஐஎன்ஆர்’ கணக்கில் போடும். எந்தக் கணக்கும் குறிக்காத தொகை ‘ஆர்ஃபன்-ஐஎன்ஆர்’ கணக்குக்குப் போகும். அவை எங்கே சேர வேண்டும் என்பது நமக்குத்தான் தெரியும். எனக்கு அங்கே சேர்ந்தவை பெரும்பாலும் ஏடிஎம்மில் எடுத்த பணம், கையிருப்புக்கு மாற்றினேன்.

சரி, இருப்பு? அப்போதும் இடித்தது. இரண்டு முறை ஏறிய பதிவை இந்தச் சோதனை பிடிக்காது, அதன் இரு பக்கமும் சமமாகத்தானே இருக்கும்! அதற்கு ‘ரீகன்சைல்’ திறந்து, பாஸ்புக்கை வைத்துக்கொண்டு வரிவரியாக டிக் செய்வதுதான் வழி. ஒரு காப்பீட்டு பிரீமியம் இரண்டு தடவை இருந்தது. ஒன்றை நீக்கியதும் இருப்பு பைசா சுத்தமாகப் பொருந்தியது.