லோக்கல் கணக்கும் டொமைன் கணக்கும்: ஆபீஸ் நெட்வொர்க்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸில் லோக்கல் கணக்கு என்றால் அது அந்த ஒரு மெஷினோடு சரி. பாஸ்வேர்டின் ஹேஷ் (பாஸ்வேர்டை நேரடியாகப் படிக்க முடியாதபடி மாற்றிய வடிவம்) அதே டிஸ்கில், சாம் என்ற ஃபைலில் இருக்கும். டொமைன் என்பது ஆபீஸ் மெஷின்களையும் கணக்குகளையும் சர்வரிலிருந்து மொத்தமாக நிர்வகிக்கும் ஏற்பாடு. டொமைன் கணக்கு அந்தச் சர்வரில், அதாவது டொமைன் கன்ட்ரோலரின் ஆக்டிவ் டைரக்டரி என்ற கணக்குப் பதிவேட்டில் இருக்கும். டொமைனில் சேர்ந்த எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் அதே பெயர், அதே பாஸ்வேர்ட். நாகர்கோவிலில் ஹெட் ஆபீஸ், மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் கிளை என்று ஓடும் இடங்களில் லாகின் தகராறு வந்தால், இந்த மெஷின் யாரிடம் கேட்டு ஆளை உள்ளே விடுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பலரும் அதைப் பார்க்காமலே பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

வாங்கும்போதே ஒரு தவறு நடந்துவிடுகிறது. கடையில் விலை குறைவு என்று எடுக்கும் லேப்டாப்பில் விண்டோஸ் ஹோம் இருக்கும். ஹோம் எடிஷனை டொமைனில் சேர்க்கவே முடியாது, ப்ரோ வேண்டும். ப்ரோவுக்கு மாற ஃபார்மட் செய்ய வேண்டியதில்லை, லைசென்ஸ் கீ போட்டாலே மாறிவிடும். ஆனால் அந்தச் செலவை வாங்கும் முன்பே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது டிஎன்எஸ், அதாவது பெயரைக் கேட்டால் ஐபி முகவரியைச் சொல்லும் சேவை. இன்டர்நெட் நன்றாக வருகிறது, சர்வருக்குப் பிங் போகிறது, டொமைனில் சேர்க்கப் போனால் மட்டும் 'டொமைன் கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்று வரும். மெஷினின் டிஎன்எஸ்ஸில் கூகுளின் 8.8.8.8 அல்லது ரவுட்டரின் முகவரி இருக்கும். டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்ற தகவல் ஆபீஸ் சர்வரின் டிஎன்எஸ்ஸில் மட்டும்தான் உண்டு, கூகுளுக்கு அது தெரியாது. முதல் டிஎன்எஸ்ஸாகச் சர்வரின் ஐபியைக் கொடுத்து, இரண்டாவதாக 8.8.8.8 போட்டு வைப்பதும் தவறுதான்: சர்வர் ஒரு தடவை பதில் தர மறந்தால் விண்டோஸ் வெளியே கேட்கப் போய்விடும், அதன்பின் லாகின் ஒருநாள் ஓடும், ஒருநாள் ஓடாது. மெஷின்களில் உள் டிஎன்எஸ் மட்டும் இருக்கட்டும். வெளி முகவரிகளைச் சர்வரே ஃபார்வர்டர் மூலம், அதாவது கேள்வியை வெளி டிஎன்எஸ்ஸுக்கு அனுப்பி, கேட்டுக்கொள்ளும்.

அதிகமாகப் பதற வைப்பது டொமைனில் சேர்ந்த மறுநாள் காலை. "சார், டெஸ்க்டாப்ல இருந்தது ஒண்ணையும் காணல" என்று போன் வரும். ஒன்றும் அழியவில்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் விண்டோஸுக்கு லோக்கல் கணக்கு வேறு ஆள், டொமைன் கணக்கு வேறு ஆள். விண்டோஸ் ஒவ்வொரு கணக்குக்கும் தரும் அடையாள எண்ணான எஸ்ஐடி இரண்டுக்கும் வேறு. அதனால் சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பழைய பெயருக்குப் பின்னால் புள்ளியும் டொமைன் பெயரும் சேர்த்துப் புது ஃபோல்டர் உருவாகியிருக்கும். பழையது பக்கத்திலேயே இருக்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும், அவுட்லுக் மெயில் ஃபைலையும் அங்கிருந்து காப்பி செய்து கொடுங்கள். பழைய ஃபோல்டரை அன்றைக்கே அழிக்காதீர்கள்.

இதில் நம் ஊர் ஆபீஸ்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. தமிழ் கீபோர்டு அமைப்பு ஒவ்வொரு கணக்குக்கும் தனி. பாமினி போன்ற ஃபான்டை வெறும் 'இன்ஸ்டால்' கொடுத்துப் போட்டிருந்தால், இப்போதைய விண்டோஸில் அது அந்தக் கணக்குக்கு மட்டும்தான் சேரும். புதுக் கணக்கில் திறந்தால் பழைய கடிதமெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். 'எல்லா யூசருக்கும் இன்ஸ்டால்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

டொமைனில் சேர்க்கும் முன் லோக்கல் அட்மின் பாஸ்வேர்டைச் சரிபாருங்கள். நேரில் லாகின் செய்து பார்ப்பதுதான் சரிபார்ப்பு, டைரியில் எழுதியிருக்கிறது என்பது போதாது. பில்ட்-இன் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு விண்டோஸ் 10, 11-இல் முடக்கப்பட்டே வரும், அதை நம்பி இருக்காதீர்கள். சர்வர் மெஷினை நம்ப மறுத்து டொமைன் உறவு அறுந்த நாளில் அந்த மெஷினுக்குள் போக லோக்கல் கணக்குதான் முதல் வழி. லாகின் திரையில் புள்ளி, பேக்ஸ்லாஷ், பிறகு பெயர் என்று அடித்தால் லோக்கல் கணக்கு என்று விண்டோஸ் புரிந்துகொள்ளும்.

டொமைன் உறவு அறுவதற்குக் கல்லூரி லேப்கள் நல்ல உதாரணம். ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பும் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் அங்கே இருக்கும். டொமைனில் சேர்ந்த ஒவ்வொரு மெஷினுக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு பாஸ்வேர்ட் உண்டு, 30 நாளுக்கு ஒருமுறை மெஷின் தானாகவே அதை மாற்றிக்கொள்ளும். மாற்றியது சர்வரில் பதிந்திருக்கும், மெஷினோ ரீஸ்டார்ட்டில் பழைய பாஸ்வேர்டுக்குப் போய்விடும். ஒன்றிரண்டு மாதத்தில் 'டிரஸ்ட் ரிலேஷன்ஷிப் ஃபெயில்ட்' என்று மாணவர்கள் வெளியே நிற்பார்கள். ஃப்ரீஸை எடுத்து, லோக்கல் அட்மினாக உள்ளே போய், பவர்ஷெல்லில் டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் கட்டளையை ரிப்பேர் ஆப்ஷனோடு, டொமைன் அட்மின் பாஸ்வேர்ட் கொடுத்து ஓட்டினால் சரியாகும். மறுபடி வராமல் இருக்க, லேப் மெஷின்களுக்கு மட்டும் குரூப் பாலிசியில் (சர்வரிலிருந்தே மெஷின்களின் அமைப்புகளை மாற்றும் வசதி) மெஷின் பாஸ்வேர்ட் மாற்றத்தை நிறுத்திவிட்டு அப்புறம் ஃப்ரீஸ் செய்யுங்கள். டொமைனிலிருந்து எடுத்துச் சேர்ப்பது இதற்கு மருந்தல்ல. அடுத்த மாதமும் இதே கதைதான்.

மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்ததும் ஒரே ஒரு மெஷின் மட்டும் சர்வர் ஷேரைத் திறக்க மறுத்தால் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து தேதி பழைய வருடத்துக்குப் போயிருக்கும். சர்வரோடு 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், டொமைனில் ஆளைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் மறுத்துவிடும். பேட்டரியை மாற்றி, தேதியையும் நேரத்தையும் சரிசெய்தால் போதும்.

கிளைக்கு அனுப்பும் லேப்டாப்பில், அதைப் பயன்படுத்தப் போகிறவர் ஹெட் ஆபீஸிலேயே ஒருமுறை லாகின் செய்துவிட்டுப் போக வேண்டும். சர்வர் எட்டாத இடத்தில் முதல் லாகின் நடக்காது. ஒருமுறை நடந்திருந்தால் மெஷின் அதை நினைவில் வைத்திருக்கும், இயல்பாகக் கடைசி 10 பேர் வரை.

எல்லா மெஷினுக்கும் ஒரே லோக்கல் அட்மின் பாஸ்வேர்ட் வைப்பது வசதிதான், வைரஸுக்கும். ஒரு மெஷினில் ஹேஷைத் திருடினால் மற்ற எல்லாம் திறந்துவிடும். மெஷினுக்கு ஒரு பாஸ்வேர்ட் வைத்து, தானாக மாற்றி, ஆக்டிவ் டைரக்டரியில் சேமிக்கும் லாப்ஸ் வசதி 2023 ஏப்ரல் அப்டேட் முதல் விண்டோஸிலேயே வருகிறது.

சர்வர் ஒன்றே ஒன்று இருக்கும் ஆபீஸ்களில் அதையே டொமைன் கன்ட்ரோலராக்கி, அதிலேயே பில்லிங்கும் ஓட்டுவார்கள். டொமைன் கன்ட்ரோலரான பின் அதில் லோக்கல் கணக்குகள் கிடையாது. சாதாரண ஊழியர் அதில் நேரடியாக லாகின் செய்யவும் அனுமதி இல்லை. உடனே பில் போடுகிறவரை டொமைன் அட்மின்ஸ் குழுவில் சேர்த்துவிடுகிறார்கள். கவுண்டரில் இருப்பவர் கையில் மொத்த ஆபீஸின் சாவியும் போய்விட்டது. பில்லிங்குக்கு வேறு மெஷின் ஒதுக்குங்கள். ஐந்தாறு மெஷின் மட்டும் உள்ள கடைக்கு டொமைனே தேவையில்லை, லோக்கல் கணக்கும் ஒழுங்கான பேக்கப்பும் தாராளம்.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கை டெலீட் செய்யாமல் டிஸேபிள் செய்யுங்கள். அவர் திரும்பி வந்து அதே பெயரில் புதுக் கணக்கு போட்டாலும் எஸ்ஐடி வேறாகிவிடும். பழைய ஃபோல்டர் அனுமதி எதுவும் அவருக்குக் கிடைக்காது.