உலைக்களத்தில் ஈக்கும் வேலை உண்டு

"இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை" என்று ஒரு பழமொழி உண்டு. இரும்படிக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு எங்கள் கொட்டகைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஈ மாதிரிதான் வாசலிலேயே தயங்கி நிற்கிறார்கள். உள்ளே வரலாமா, வேலைக்கு இடைஞ்சலாக இருப்போமா, பரம்பரைத் தொழிலாயிற்றே, நமக்கெல்லாம் கை வருமா என்று ஆயிரம் யோசனை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பாலக்கோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கொல்லர் குடும்பத்தில் பிறந்தவன் இல்லை. 9 வருடங்களுக்கு முன்னால், அம்மாவின் களைக்கொத்து மழுங்கிப்போய்விட்டது என்று காய்ச்சி அடித்து வாங்க ஓர் ஆசாரியிடம் போனேன். அன்றைக்குத் துருத்தி சுற்ற ஆள் வரவில்லை. "சும்மாதான நிக்கற, இதப் புடிச்சுச் சுத்து கண்ணு" என்றார். சுற்றினேன். கட்டை விரல் தடிமனுக்கு மொண்ணையாகிக் கிடந்த அந்த விளிம்பு, 4 சூட்டில் (ஒரு சூடு என்றால் ஒருமுறை காய்ச்சி அடிப்பது) வெற்றிலை போல மெலிந்து நீண்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன்.

இப்போது காவேரிப்பட்டணம் போகிற வழியில் ஒரு நண்பரின் மாந்தோப்புக் கொட்டகையில் மாதம் இரண்டு ஞாயிறு கூடுகிறோம். மொத்தம் 11 பேர். ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர், தமிழ் ஆசிரியை ஒருவர், தக்காளி போடுகிற விவசாயி, பாலிடெக்னிக் படிக்கிற இரண்டு பையன்கள் என்று கலவையான கூட்டம். அந்த ஆசாரியும் முடிந்தபோது வருவார். வந்தால் அவருக்கு ஒரு நாள் கூலியை எல்லோரும் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவோம். "வேண்டாம்பா" என்பார். அப்படியே விட்டுவிடக் கூடாது. நமக்குப் பொழுதுபோக்காக இருப்பது அவருக்குச் சோறு.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, எதுவும் வாங்காதீர்கள் என்பதுதான். வீடியோ பார்த்துவிட்டு கேஸ் உலை, வெளிநாட்டுப் பட்டறைக்கல் (பெயர்தான் கல், மேலே வைத்து அடிக்கிற இரும்புக் கட்டி) என்று பணத்தைக் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பொருள் வந்து சேருவதற்குள் ஆசை ஆறிவிடும். முதல் இரண்டு மாதம் அடுத்தவர் உலையருகே நிற்பதற்கு ஒரு பருத்திச் சட்டை, தோல் செருப்போ ஷூவோ, கண்ணுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி போதும். பாலியெஸ்டர் துணி வேண்டவே வேண்டாம். பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ பட்டறை இருந்தால் அங்கே போங்கள். போனதும் "கத்துக்குடுங்க" என்று கேட்காதீர்கள். வீட்டில் மழுங்கிக் கிடக்கிற மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள் ஒன்றை எடுத்துப் போய் வேலை கொடுங்கள். கேட்ட கூலியைக் கொடுங்கள். ஓரமாக நின்று பாருங்கள். இரும்பு உலைக்குள் இருக்கும்போது பேசலாம், வெளியே வந்துவிட்டால் வாயைத் திறக்காதீர்கள். மெல்லிய கம்பியாக இருந்தால் 20, 30 விநாடிக்குள் சூடு இறங்கிவிடும். அந்த நேரத்தில் கேள்வி கேட்டால் ஒரு சூடு வீண், அதற்கு எரிந்த கரியும் வீண். போனில் படம் எடுப்பதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

துருத்தி சுற்றச் சொன்னார் என்றால் உங்களை உள்ளே சேர்த்துக்கொண்டார் என்று அர்த்தம். அதை எடுபிடி வேலை என்று நினைக்காதீர்கள். கை தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்க, கண் முழுவதும் நெருப்பில் இருக்கும். இரும்பின் நிறத்தைப் படிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. இந்த வேலையில் முக்கால் பங்கு அந்த நிறம்தான்.

எங்கள் ஆசாரி நிறத்துக்கு மாம்பழக் கணக்கு சொல்வார். மங்கலான சிவப்பு என்றால் 600, 700 டிகிரி இருக்கும். அதில் அடித்தால் சுத்தி எகிறும், இரும்பு நகராது. அறுத்த அல்போன்சாவின் உள் நிறம் வந்தால் 900-த்தைத் தாண்டிவிட்டது, அடிக்கலாம். பெங்களூராச் சதையின் மஞ்சள் 1,100-க்குப் பக்கம், களிமண் மாதிரி நகரும். அதற்கும் மேலே வெளுத்து, மத்தாப்பு போலப் பொறி பறந்தால் இரும்பே எரிகிறது என்று பொருள். அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டியதுதான். இந்த நிறமெல்லாம் நிழலில்தான் தெரியும். உச்சி வெயிலில் மங்கல் சிவப்பு கருப்பாகத்தான் தெரியும், கை வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கொட்டகையில் வெயில் விழும் பக்கம் கீற்று கட்டி இருட்டாக்கி வைத்திருக்கிறோம். கீற்று உலைக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, கருத்த இரும்புதான் அதிகம் பேரைச் சுடும். சிவந்த இரும்பை யாரும் தொட மாட்டார்கள். கருப்பான பிறகும் 400 டிகிரி இருக்கலாம். தரையில் கிடக்கிற எதையும் சுடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும் முன் புறங்கையை ஒரு சாண் தூரத்தில் காட்டிப் பாருங்கள். சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மை எதுவும் தடவாதீர்கள். பெரிய காயம் என்றால் நேரே ஆஸ்பத்திரிதான்.

சரி, முதல் இரும்புக்கு வருவோம். எல்லோருக்கும் நாங்கள் கொடுப்பது ஒரு கொக்கி. 10 மி.மீ. சாதா எம்.எஸ். (மென் எஃகு) கம்பி, ஒன்றரை அடி நீளம். கட்டடத்துக்குப் போடுகிற முறுக்குக் கம்பி வேண்டாம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப், பூச்சு பூசிய கம்பி கிட்டேயே வரக் கூடாது. துத்தநாகப் புகை உள்ளே போனால் அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும். கம்பி நீளமாக இருப்பதால் மறுமுனையைக் கையாலேயே பிடித்துக்கொள்ளலாம், குறடு தேவைப்படாது.

நுனியில் மூன்று விரல் நீளத்துக்கு மட்டும் காய்ச்சுங்கள். அல்போன்சா நிறம் வந்ததும் எடுத்துப் பட்டறைக்கல்லின் ஓரத்தில் வைத்து ஓர் அடி, கால் திருப்பு திருப்பி இன்னோர் அடி. இப்படியே மாற்றி மாற்றி அடித்தால் நுனி நாலு பட்டையாகக் கூர்ந்து வரும். உருண்டைக் கம்பி உருண்டையாகவே கூராக வேண்டும் என்று நினைத்து எல்லோரும் உருட்டி உருட்டி அடிப்பார்கள். அப்படி அடித்தால் நடுவில் பிளந்து நுனி மீன்வாய் மாதிரி திறந்துகொள்ளும். முதலில் நாலு பட்டை. பிறகு மூலைகளைத் தட்டி எட்டுப் பட்டை. கடைசியில்தான் உருட்டு. ஒரு சூட்டுக்கு 10, 12 அடி போதும். சிவப்பு மங்கினால் திரும்ப உலைக்கே போக வேண்டும். "இன்னும் ரெண்டு அடி" என்கிற ஆசையில் ஆறிய இரும்பை அடித்தால் வெடிப்பு விழும், முழங்கையும் வாங்கிவிடும்.

சுத்தி ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். பிடியை இறுக்காமல் பிடியுங்கள். சுத்தி பிடிக்கிற கைக்குக் கையுறையும் வேண்டாம், அது இருந்தால் தானாகவே இறுக்கிப் பிடிப்போம். கூர் வந்ததும் அதன் நுனியைக் கல்லின் விளிம்பில் சற்று வெளியே நீட்டித் தட்டிச் சிறு சுருள் ஆக்குங்கள். திரும்பக் காய்ச்சி, ஒரு பைப்பின் மேல் வைத்து வளையுங்கள். மீதிக் கம்பியிலிருந்து உளியால் வெட்டுங்கள். சிவப்பு போய்க் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போதே தேன்மெழுகைத் தேய்த்தால் கருப்பு மினுமினுக்கும். நான் செய்த முதல் கொக்கியை அம்மா துரட்டிக் கம்பில் கட்டிக்கொண்டார். புளி உலுக்கப் போகும்போது இன்றும் அதுதான்.

எங்கள் தமிழ் ஆசிரியை ஒரு விஷயம் சொல்வார். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் தோண்டி எடுத்ததை வைத்து, இங்கே இரும்பு கி.மு. 2172 அளவிலேயே புழங்கியது என்று 2022-ல் அறிவித்தார்கள். தருமபுரி அதியமானுடைய தகடூர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் சொன்னது புறநானூற்றில் 95-ஆவது பாட்டாக இருக்கிறது. உன் ஆயுதங்கள் மாலை சூட்டி, நெய் பூசிக் காவலில் பத்திரமாக இருக்கின்றன, எங்கள் வேல்களோ நுனி சிதைந்து கொல்லனுடைய சிறு குடிலில் கிடக்கின்றன என்று. அதைக் கேட்டபோது எனக்குப் போர் நினைவுக்கு வரவில்லை. எங்கள் ஆசாரியின் பட்டறை மூலையில் பழுது பார்க்கக் காத்திருக்கிற குவியல்தான் கண்ணில் நின்றது. பட்டறை என்றால் அந்தக் குவியல்தான். புதுக் கத்தி செய்யும் ஆசையோடு வருகிறவர்களை நான் அந்தப் பக்கம்தான் திருப்பிவிடுகிறேன். மழுங்கிய 20 களைக்கொத்துகளை நீட்டிக் கொடுத்தவருக்கு எந்த இரும்பு எப்படி நகரும் என்று கை சொல்லும்.

இரண்டு மூன்று மாதம் கழித்தும் ஆசை அப்படியே இருந்தால் சொந்த உலை போடலாம். ஏரி மண்ணும் சாம்பலும் குழைத்துத் தரையிலேயே ஒரு குழி, பக்கவாட்டில் ஓர் இரும்புக் குழாய். அவ்வளவுதான். மரக்கரிக்குப் பக்கத்திலிருந்து வரும் மெதுவான காற்றே போதும். காற்று அதிகமானால் கரிதான் தீரும். நான் சின்ன ப்ளோயர் வைத்து, குழாய்க்கு நடுவில் தகட்டுக் கதவு ஒன்று போட்டிருக்கிறேன். காற்றைக் கூட்டிக் குறைக்க மோட்டாரோடு மல்லுக்கட்ட வேண்டாம், கதவை நகர்த்தினால் போதும். காயில் எரிந்துபோன ப்ளோயர்களைத் தினமும் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன். கரிக்கு வேலிக்கருவை நல்லது, கொட்டாங்குச்சிக் கரியும் நல்ல சூடு தரும். நான்கு பக்கமும் அடைத்த அறையில் மட்டும் மூட்டாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. சிமெண்டுத் தரையும் ஆகாது. காய்ந்த இரும்பு விழுந்தால் படீரென்று சில்லு தெறிக்கும்.

பட்டறைக்கல்லுக்குத் தண்டவாளத் துண்டு போதும். படுக்க வைக்காமல் மரத்தண்டில் நட்டுக்குத்தலாக நிறுத்துங்கள், அடிக்கிற இடத்துக்குக் கீழே முழு எடையும் இருக்கும். ஆனால் பழைய இரும்புக் கடையில் பில் இல்லாமல் வாங்காதீர்கள். ரயில்வே பொருளை முறையில்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ரசீது கிடைக்காவிட்டால் கனமான இரும்புக் கட்டி எதுவானாலும் சரி.

தோய்ச்சலைப் பற்றி, அதாவது காய்ச்சிய இரும்பை முக்கிச் சட்டென்று ஆறவைத்துக் கடினமாக்குவதைப் பற்றி, ஒன்று சொல்ல வேண்டும். லாரி ஸ்பிரிங் பட்டையில் என் முதல் அரிவாளை 6 ஞாயிறு உட்கார்ந்து அடித்தேன். பழுக்கக் காய்ச்சி நேரே தண்ணீரில் முக்கினேன். 'டிங்' என்று சன்னமாக ஒரு சத்தம். துடைத்துப் பார்த்தால் விளிம்பிலிருந்து முதுகுவரை தலைமுடி போல ஒரு கோடு. அன்று சாப்பிடக்கூடப் பிடிக்கவில்லை. ஸ்பிரிங் பட்டையை எண்ணெயில்தான் தோய்க்க வேண்டும், அதுவும் எண்ணெயைக் கொஞ்சம் சூடாக்கிக்கொண்டு. எப்போது தோய்ப்பது என்பதைக் காந்தம் சொல்லும். 770 டிகிரிக்கு மேல் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாமல் போனதும் இன்னும் கொஞ்சம் காய்ச்சித் தோய்க்கலாம். உடனே எண்ணெய் பற்றிக்கொள்ளவும் செய்யும், அதனால் எண்ணெய் மூடியுள்ள இரும்பு டப்பாவில் இருக்கட்டும், மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தோய்த்த இரும்பு கண்ணாடி மாதிரி உடையும். அதை மறுபடி மெதுவாகச் சூடாக்கிப் பதம் இறக்க வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு கத்திரிப்பூ நிறம் ஊர்ந்து வரும். அரிவாளுக்குப் பழுப்பில் நிறுத்துவோம், அடி வாங்குகிற உளிக்குக் கத்திரிப்பூ வரை விடுவோம். இதைத் தனியாகப் படித்துச் செய்யாதீர்கள், ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

வீச்சரிவாள், பட்டாக்கத்தி எங்கள் கொட்டகையில் கிடையாது. யார் கேட்டாலும் இல்லை. அப்படி ஒருவர் வந்து நின்றால் மொத்தப் பேருக்கும் கெட்ட பெயர்.

கூட்டாக அடிக்கும்போது ஒரு மொழி இருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். ஆசாரி சின்னச் சுத்தியால் எந்த இடத்தைத் தொடுகிறாரோ அங்கேதான் சம்மட்டி விழ வேண்டும். அவர் சுத்தியை வெறும் கல்லின் மேல் தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். வாயால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அடுத்தவர் சுத்தியைக் கேட்காமல் எடுக்காதீர்கள், பிடி அவரவர் கைக்கு இழைத்தது.

மே மாதத்திலிருந்து ஜூலை வரை மாங்காய் வேலை இருப்பதால் கொட்டகை கிடைக்காது, கூட மாட்டோம். மற்ற மாதங்களில் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் காலை 6 மணிக்கு உலை மூட்டுகிறோம், வெயில் ஏறினால் 11 மணிக்கு அணைத்துவிடுவோம். எங்களில் இரண்டு பேர் அதன் பிறகு போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போய்ப் பழைய இரும்பு பார்ப்பார்கள், கூடப் போகலாம். வரும்போது ஒரு பை கரி, குடிக்கத் தண்ணீர், அப்புறம் வீட்டில் உடைந்தோ மழுங்கியோ கிடக்கிற ஏதாவது ஒன்று கொண்டுவாருங்கள்.