தண்டுவடக் காயம்: ஓராண்டில் நடப்பாரா என்று கணக்கிடுவது எப்படி

அடிபட்ட 15 நாள்களுக்குள் படுக்கையருகிலேயே போடக்கூடிய கணக்கு இது. 2011-இல் லான்செட் இதழில் வெளியானது. ஓராண்டு கழித்து வீட்டுக்குள் பிறர் உதவியின்றி நடப்பாரா என்பதை மட்டுமே சொல்லும். வாக்கர் பிடித்து நடந்தாலும் நடைதான். கை அசைவு, சிறுநீர்க் கட்டுப்பாடு பற்றி இதில் எதுவும் தெரியாது.

முதலில் தசை வலிமை. மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை நீட்டும் தசையையும் (எல்3, அதாவது மூன்றாம் இடுப்புத் தண்டுவட நரம்பு), பாதத்தைக் கீழே அழுத்தும் கெண்டைக்கால் தசையையும் (எஸ்1, முதல் திருவெலும்புத் தண்டுவட நரம்பு) 0 முதல் 5 வரை மதிப்பிடுங்கள். அசைவு இல்லாமல் தசை இறுகுவது மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டால் 1.

அடுத்து தொடுஉணர்வு. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் 1 செ.மீ.க்கு மிகாமல் வருடுங்கள்: எல்3-க்கு முழங்காலின் உட்புறம், மூட்டுக்குச் சற்று மேலே, எஸ்1-க்குக் குதிகாலின் வெளிப்புறம். கன்னத்தில் உணர்வது போலவே இருந்தால் 2, மாறுபட்டால் 1, தெரியாவிட்டால் 0.

ஒவ்வொன்றிலும் மேலான காலின் மதிப்பெண்ணையே எடுங்கள். தசைக்கு 2-ஆலும் தொடுஉணர்வுக்கு 5-ஆலும் பெருக்குங்கள். வயது 65 அல்லது அதற்கு மேல் என்றால் 10 கழியுங்கள். மொத்தம் −10 முதல் 40 வரை வரும். கூடக்கூட நடக்கும் வாய்ப்பும் கூடும். தசை 3, 1; தொடுஉணர்வு இரண்டும் 1 என்றால் 6+2+5+5=18. அதே கால்கள் 70 வயதுக்காரருக்கு என்றால் 8தான்.

கூட்டலில் யாரும் தவறுவதில்லை, சோதனையில்தான் தவறுகிறார்கள். பாதத்தை மேலே இழுத்துத் தளர்த்தினாலே அது தானாகக் கீழே இறங்கும். அதைக் கெண்டைக்கால் வலிமை என்று எழுதிவிடுவார்கள். தசையின் மேல் விரல் வைத்துப் பாருங்கள். தன்னிச்சையான தசைத் துடிப்பும் ஏமாற்றும்: ‘நீட்டுங்க’, ‘நிறுத்துங்க’ என்று மாற்றி மாற்றிச் சொல்லி, சொன்னபடி அசைந்தால் மட்டும் கணக்கில் சேருங்கள். மயக்க மருந்தில் இருப்பவரையோ தலைக்காயத்தால் நினைவு தெளியாதவரையோ சோதித்தால் எண் பொய்யாகக் குறையும். எலும்பு முறிந்த காலுக்கு 0 போடாதீர்கள். ‘சோதிக்க இயலவில்லை’ என்று குறியுங்கள்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஆசியா (ASIA, அமெரிக்கத் தண்டுவடக் காயச் சங்கம்) அளவுகோல் காயத்தின் கடுமையை ஏ (முழுமையான காயம்) முதல் இ (இயல்பு நிலை) வரை பிரிக்கிறது. அதில் ஏ, டி பிரிவினருக்கு அனுபவமுள்ளவர் கணக்கில்லாமலே ஊகித்துவிடுவார். இது உண்மையில் தேவைப்படுவது பி, சி பிரிவினருக்கு. துல்லியம் குறைவதும் அங்கேதான். அவர்களுக்கு ஆசனவாயைச் சுற்றி ஊசிமுனையின் கூர்மை தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் நடக்கும் வாய்ப்பு கூடுதல். நடு எண்ணை வைத்து வீட்டாரிடம் ‘நடப்பார்’, ‘நடக்கமாட்டார்’ என்று அறுதியிட்டுச் சொல்லாமல், 1, 3-ஆம் மாதங்களில் மறுபடி சோதியுங்கள்.